ஈரம் காயாத ஏரிக்கரை

அக்டோபர் 12, ஞாயிறு

சாப்பாட்டு மேசையைக் காலி செய்துவிட்டேன். ஆறடிக்கு நாலடி. வீட்டில் அனுமதி என்று யாரும் தரவில்லை, ஆட்சேபணையும் வரவில்லை. அது போதும்.

இந்த முறை மேசை மேல் பொம்மைப் போர்க்களமாகச் செய்யப் போவது பொள்ளிலூர். 1780 செப்டம்பர் 10 அன்று, கர்னல் பெய்லியின் கும்பினிப் படையை, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனிப் படையை, ஹைதர் அலியும் திப்புவும் சுற்றி வளைத்து முடித்த இடம், காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில். உள்ளூர்ப் பெயர் புள்ளலூர். மகேந்திரவர்ம பல்லவன் காலத்திலேயே அங்கே ஒரு சண்டை நடந்திருக்கிறது, அந்த மண்ணின் ராசி அப்படி. பெய்லியிடம் 3,800 சொச்சம் பேர், பெரும்பாலும் நம் ஊர்ச் சிப்பாய்கள்தான். ஒரு பொம்மைக்கு 50 பேர் என்று கணக்கு வைத்து 76 பொம்மைகள். எல்லாம் 15 மி.மீ. அளவு, பெயின்ட் அடித்துத் தயார். அவர்கள் நிற்க நிலம்தான் இல்லை.

அக்டோபர் 15, புதன்

ஃபோம் பலகை மேல் ஃபெவிகால் தடவி, சலித்த ஆற்று மணலைத் தூவினேன். மணலோடு டீத்தூளும். வடிகட்டிய தூள் காய்ந்தால் சருகும் மண்ணும் கலந்த மாதிரியே இருக்கும், காசு கொடுத்து வாங்கும் எதிலும் அந்த நிறம் வராது. குன்னூரில் டீத்தூளுக்குப் பஞ்சமில்லை, அதைக் காய வைக்கும் வெயிலுக்குத்தான் பஞ்சம். இரண்டு நாள் ஜன்னலோரம் வைத்ததில் பூஞ்சை பிடித்தது. கடைசியில் வாணலியில் போட்டு, சின்னத் தீயில் வறுத்தேன். வீடு முழுக்க ஃபாக்டரி வாசனை.

ஏரிப் படுகைக்கு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸை மெல்லிசாக ஊற்றி, பாளம் பாளமாக வெடித்த களிமண் செய்தேன். அதன் மேல் யெல்லோ ஆக்கர் என்கிற காவி மஞ்சள், அதற்கும் மேல் வெளிர் நிறத்தில் டிரை பிரஷ், அதாவது பெயின்டைத் துடைத்துவிட்ட பிரஷால் மேடுகளில் மட்டும் லேசாகத் தேய்ப்பது. பார்த்தாலே தாகம் எடுத்தது. ரொம்பப் பெருமையாக இருந்தது.

அக்டோபர் 17, வெள்ளி

பெருமை போச்சு.

பெய்லி ஆகஸ்ட் 25 அன்றே கொசஸ்தலை ஆற்றங்கரைக்கு வந்துவிட்டார். அன்றே தாண்டியிருக்கலாம். வடகரையிலேயே கூடாரம் போட்டார், ராத்திரியில் வெள்ளம் ஏறிவிட்டது, செப்டம்பர் முதல் வாரம் வரை அக்கரை போக முடியவில்லை. காஞ்சியில் இருந்த கும்பினித் தளபதி ஹெக்டர் மன்றோவோடு சேர வேண்டியவர் நடுவழியில் மாட்டியதற்கு இந்தத் தாமதம் பெரிய காரணம். இதை நான் எத்தனையோ முறை படித்திருக்கிறேன். படித்துவிட்டும் வெடித்த களிமண் செய்திருக்கிறேன்! ஆற்றில் வெள்ளம் போன வாரத்தில் ஏரி எப்படிப் பாளம் பாளமாகக் கிடக்கும்?

மலையில் இருப்பவனுக்குச் சமவெளி என்றாலே மேட்டுப்பாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் முகத்தில் அடிக்கிற அனல்தான். வேறு எதுவும் மனதில் வருவதில்லை.

எல்லாவற்றின் மேலும் ரா அம்பர் என்கிற மண் பழுப்பைத் தண்ணீராகக் கரைத்து ஓட விட்டேன். மேடுகளில் மட்டும் டிரை பிரஷ், பள்ளங்கள் இருட்டாகவே இருக்கட்டும். பாதையில் வண்டித் தடங்களைப் பென்சில் மழுங்கலால் அழுத்திப் போட்டு, அந்தக் கோடுகளுக்குள் மட்டும் மெல்லிய பிரஷால் பளபளக்கிற கிளாஸ் வார்னிஷ் விட்டேன். விளக்கைச் சாய்த்துப் பிடித்தால், வண்டி போய் அரைமணி நேரம்தான் ஆகியிருக்கும் போல மினுக்குகிறது. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அக்டோபர் 21, செவ்வாய்

தீபாவளிக்கு அரக்கோணத்திலிருந்து மாமனார் வந்திருக்கிறார். ஸ்வெட்டரும் குல்லாவுமாக மேசையைச் சுற்றி வந்தார்.

“என்ன மாப்பிள்ளை, தென்னந்தோப்பா?”

“பனை, மாமா.”

“பனைக்கு ஏது இந்தக் கீற்று?”

வாங்கி வைத்திருந்த மரங்கள் கடற்கரை விளம்பரத்தில் வருகிற மாதிரி. சரி, அத்தனையும் டப்பாவுக்குள். மாமாவே நோட்டில் வரைந்து காட்டினார்: விசிறி மாதிரி ஓலை, அதற்குக் கீழே வெட்டாமல் விட்ட காவோலை பாவாடை மாதிரித் தொங்கும், அடிமரம் கறுப்பு. “ஏரிக்கரைன்னா வரிசையா நிக்கும், இப்படி இரைச்சு விட்ட மாதிரி நிக்காது.”

அக்டோபர் 26, ஞாயிறு

மூங்கில் குச்சியில் மாஸ்கிங் டேப்பை மெல்லிய பட்டையாகக் கிழித்துச் சுற்ற வேண்டும், ஒவ்வொரு சுற்றின் விளிம்பும் லேசாகத் துருத்திக்கொண்டு. உயரம் 15 செ.மீ., அதாவது அசலில் 15 மீட்டர். ஓலைக்குத் தடித்த பிரவுன் பேப்பரில் ஒன்றரை செ.மீ. வட்டம் வெட்டி, விசிறி மடிப்பு மடித்து, நுனியைக் கத்தரியால் நறுக்கி, காம்புக்கு விளக்குமாற்று ஈர்க்கில் துண்டு. மரத்துக்கு 24 ஓலை, 12 மரம். 288 ஓலை. இதற்கு மேல் இன்று எழுத விரலுக்குத் தெம்பில்லை.

அக்டோபர் 30, வியாழன்

மதியம் மழை விட்ட நேரம் பார்த்து மரங்களை வராந்தாவில் வைத்து, பளபளப்பில்லாத மேட் வார்னிஷ் ஸ்பிரே அடித்தேன். மழைதான் விட்டிருந்தது, மூடுபனி விடவில்லை. பத்து நிமிஷத்தில் 12 பனையும் வெள்ளை பூத்துவிட்டது. காற்றில் ஈரம் இருந்தால் இப்படி ஆகும் என்று தெரிந்தும் அவசரம். கிளாஸ் வார்னிஷைப் பிரஷால் ஒரு கை தடவியதும் நிறம் திரும்பியது. ஆனால் ஓலையெல்லாம் எண்ணெய் தேய்த்த மாதிரி பளபளப்பு. வெயில் வந்தால் மறுபடி மேட்.

நவம்பர் 2, ஞாயிறு

வெடிமருந்து வண்டிகள். அவை வெடித்த பிறகு பெய்லியின் சதுர அணிவகுப்புக்கு மீட்சி இல்லை. ஸ்ரீரங்கப்பட்டணம் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் 1784இல் தீட்டிய ஓவியத்திலும் அந்த வெடிப்பு இருக்கிறது. பழைய தலையணையிலிருந்து இலவம் பஞ்சைப் பிய்த்து, அடியில் ஆரஞ்சு, மேலே போகப் போக வெளிர் சாம்பல். கருமருந்துப் புகை அவ்வளவு கறுப்பாக இருக்காது. மூன்று புகை முடிந்தது, மிச்சப் பஞ்சு பூனையிடம்.

கரை, பனை வரிசை, பாதை எல்லாவற்றையும் அடுக்கி மாமாவுக்கு போட்டோ அனுப்பினேன். ஐந்து நிமிஷத்தில் போன்.

“நல்லாத்தான் இருக்கு மாப்பிள்ளை. மதகு எங்க?”

ஐஸ் குச்சி வெட்டிக்கொண்டிருக்கிறேன்.