பேச்சு நின்னுபோன நாட்கள்ல எங்களைத் தாங்கின பைபிள் சங்கீதங்கள்

என் வீட்டுக்காரருக்கு ஸ்ட்ரோக் வந்தது மூளையோட இடது பக்கம். வலது கை, வலது கால் விழுந்துச்சு, கூடவே பேச்சும் போயிடுச்சு. நாம சொல்றது அவருக்குப் புரியும், ஆனா பதில் சொல்ல வார்த்தை வராது, தண்ணி வேணும்னா கூட வாயைத் திறந்து திறந்து மூடுவார், கடைசில கண்ணு கலங்கிடும். இதை அஃபேசியான்னு சொல்றாங்க.

சபைல இருந்து நிறைய பேர் பாக்க வந்தாங்க, அன்பாத்தான் வந்தாங்க, ஆனா வர்றவங்க எல்லாம் "சகலமும் நன்மைக்குத்தான் சிஸ்டர், அழாதீங்க, ஸ்தோத்திரம் பண்ணுங்க"ன்னு சொன்னப்ப எனக்கு நெஞ்சை அடைச்சுது. ஸ்தோத்திரம் வாய்ல வரவே இல்ல. வயசான ஒரு பாஸ்டரம்மா மட்டும் ரொம்ப நேரம் ஒண்ணும் பேசாம என் கையைப் பிடிச்சிட்டு உக்காந்திருந்தாங்க, கிளம்பும்போது "13ஆம் சங்கீதம் படிம்மா, ஆண்டவர்கிட்ட சண்டை போடலாம், அவர் தாங்குவார்"னாங்க.

படிச்சேன். முதல் ரெண்டு வசனத்துலயே நாலு தடவை "எதுவரைக்கும்"னு கேள்வி வருது. எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்னு நேரா ஆண்டவரையே கேக்குறது. நான் பாத்ரூம்ல தண்ணியைத் திறந்துவிட்டு அழுதுட்டு கேட்டதும் இதேதான்! அப்புறம் 22, சிலுவைல இயேசுவே சொன்ன "ஏன் என்னைக் கைவிட்டீர்" அங்க இருந்துதான் ஆரம்பிக்குது. 88 இன்னும் கஷ்டம், மத்த புலம்பல் சங்கீதம் பெரும்பாலும் கடைசில துதிக்கோ நம்பிக்கைக்கோ திரும்பும், இது கடைசி வசனம் வரைக்கும் அழுகைதான். அதையும் வேதத்துல வச்சிருக்காரேன்னு நினைச்சப்பதான், அழுதுட்டே அவர்கிட்ட இருக்கலாம்னு எனக்கு தைரியம் வந்துச்சு, சிரிச்ச முகத்தோட போனாதான் கேப்பார்னு இல்ல. அன்னைக்கு ராத்திரி நல்லா தூங்கினேன்.

ஸ்பீச் தெரபிஸ்ட் ஒரு நாள், அவருக்கு சின்ன வயசுலயே மனப்பாடமானது எதாவது இருந்தா சேந்து சொல்லுங்கன்னு சொன்னாங்க. சண்டே ஸ்கூல்ல படிச்ச 23ஆம் சங்கீதம்தான் ஞாபகம் வந்துச்சு. கட்டில் பக்கத்துல உக்காந்து மெதுவா "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான்..."னு நிறுத்தினேன். உதடு நடுங்குது, இடது கை போர்வையைப் பிடிச்சு இழுக்குது, அப்புறம் "தாழ்ச்சியடையேன்"னு வந்துச்சு பாருங்க, முழு வார்த்தையா, தெளிவா. என் பேரைக் கூட சொல்ல முடியாத மனுஷன்!

மனப்பாட ஜெபம், பாட்டு, ஒண்ணு ரெண்டு எண்றது இதெல்லாம் அஃபேசியா வந்த நிறைய பேருக்கு மிஞ்சி நிக்குமாம், புதுசா வாக்கியம் கட்டுறதுதான் கஷ்டமாம், தெரபிஸ்ட் விளக்கினாங்க. காரணம் தெரிஞ்சதால எனக்கு அது ஆண்டவர் செஞ்சது இல்லைனு ஆகல. அப்படி ஒரு மூளையைப் படைச்சதும் அவர்தானே.

அதுக்கப்புறம் தினமும் காலைல 23, அப்புறம் பரமண்டல ஜெபம், அப்புறம் தெரபிஸ்ட் குடுத்த பயிற்சி. இன்னும் அவர் முழுசா பேசல, வலது கைல ஸ்பூன் நிக்காது, சில நாள் எரிச்சல்ல தலையணையைத் தள்ளிவிடுவார், அன்னைக்கு மறுபடியும் 13தான் படிப்போம்.

இதே நிலைமைல யாராவது இருந்தா தெரபியை நிறுத்தாதீங்க, சீக்கிரமே ஆரம்பிங்க. ஜெபம் பண்ண வர்றவங்ககிட்ட, அவர் ஒரு வார்த்தை தேடும்போது நீங்க முந்திக்கிட்டு சொல்லாதீங்க, கொஞ்சம் காத்திருங்கன்னு கேட்டுக்கோங்க.