மில்லேயின் கடிதங்களைப் படித்த அனுபவம்

1857-இல் லண்டனில், நூல்களில் படம் அச்சிடுவதற்கான மரக்கட்டைகளைச் செதுக்கும் பட்டறை நடத்திவந்த டால்சியல் சகோதரர்கள், இயேசுவின் உவமைகளுக்கு 30 படங்கள் வரைந்து தரும்படி ஓவியர் ஜான் எவரெட் மில்லேயிடம் கேட்டார்கள். ரூட்லெட்ஜ் வெளியீடாக 1864-இல் நூல் வந்தபோது இருந்தவை 20 படங்கள்தான். ஏன் இவ்வளவு இழுத்தது என்று பார்க்கலாமே என மில்லே டால்சியல்களுக்கு எழுதிய கடிதங்களுக்குள் இறங்கினேன். எல்லாம் வீட்டுக் கணினியிலேயே.

கடிதங்களில் சிலவற்றை டால்சியல்கள் 1901-இல் வெளியிட்ட தங்கள் நினைவுக்குறிப்பில் சேர்த்திருக்கிறார்கள். ஸ்கேன் பிரதி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. சொல் கொடுத்துத் தேடினால் பாதி சிக்காது; பக்கம் பக்கமாகப் புரட்டுவதுதான் வழி. முதுமையில் அவர்களே பொறுக்கிப் போட்ட கடிதங்கள் என்பதால் சண்டை சச்சரவை எதிர்பார்க்க வேண்டாம்.

நூல் முழுக்கத் தன் படங்களே இருக்கும் என்பதுதான் இந்த வேலையை ஏற்கப் பெரிய காரணம் என்கிறார் மில்லே. இதைத் தற்பெருமை என்று ஒதுக்கிவிடக் கூடாது. அதே 1857-இல் மாக்ஸன் வெளியிட்ட டென்னிசன் கவிதைத் தொகுப்பில் அவர் படங்களோடு வேறு பல ஓவியர்களின் படங்களும் கலந்துகட்டி வந்திருந்தன.

அப்புறம் தாமதத்துக்கான சமாதானங்கள். சாதாரணப் படமென்றால் மற்றவர்களைப் போல வேகமாகவே வரைவேன். இவையோ ஒவ்வொன்றும் தனி ஓவியம், ஒரே உவமையைப் பத்துப் பன்னிரண்டு தடவை வரைந்த பிறகே முடிவு செய்கிறேன் என்கிறார். படிக்கும்போது சாக்குப்போக்காகத்தான் பட்டது.

பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ள டால்சியல் ஆல்பங்களின் படங்களை இணையத்தில் பார்த்தபோது அந்த எண்ணம் மாறியது. 49 ஆல்பங்கள், அவற்றில் அந்தப் பட்டறையின் சுமார் 54,000 அச்சுப்படிகள். அன்றைய வழக்கப்படி ஓவியர் மரக்கட்டையின் மேலேயே, இடம் வலம் மாற்றி வரைவார். அச்சாக வேண்டிய கோடுகளை மட்டும் மேடாக விட்டு, மற்ற மரத்தைச் செதுக்குபவரின் உளி எடுத்துவிடும்; வரைந்தது அதோடு அழிந்துவிடும். மூல ஓவியம் போயே போச்சு! சோதனைப் படி வந்த பிறகு வெள்ளை வண்ணத்தால் திருத்தங்களைக் குறித்து அனுப்பலாம், ஆனால் செதுக்கி எறிந்த கோடு திரும்ப வராது. அவர் அத்தனை தடவை வரைந்து பார்த்ததில் நியாயம் இருக்கிறது.

முழு நூலுக்காக யாரும் காத்திருக்கவும் இல்லை. முடிந்த படங்களில் 12, 1863-இலேயே ‘குட் வேர்ட்ஸ்’ மாத இதழில் வந்துவிட்டன.

இதைப் படிக்க நினைப்பவர்கள் முதலில் ஆல்பங்களைப் பார்த்துவிட்டுக் கடிதங்களுக்குப் போங்கள். நான் போன வரிசை சுற்றுவழி.