காய்ச்சல் என்று சொல்ல வைப்பதுதான் பெரிய வேலை

கொரோனாவால் மூடிக் கிடந்த பள்ளிகளை 2021 செப்டம்பர் 1 முதல் ஒன்பதாம் வகுப்பிலிருந்து மேலே திறக்கலாம் என்று அறிவிப்பு வந்ததும் தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டார். "நீங்கதான் சயின்ஸ். இந்தச் சுகாதார வேலையெல்லாம் நீங்களே பாத்துக்குங்க டீச்சர்" என்று நெறிமுறைத் தாளைக் கையில் கொடுத்தார். வகுப்பறைக்கு 20 பேர், முகக்கவசம், உடல் வெப்பப் பரிசோதனை, கை கழுவ வசதி, பணியாளர் எல்லாருக்கும் தடுப்பூசி. திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு கிராமத்து அரசு உயர்நிலைப் பள்ளி எங்களுடையது, ஆறு முதல் பத்து வரை. அந்த ஆண்டு ஜனவரியில் பத்தாம் வகுப்புக்கும் பிப்ரவரியில் ஒன்பதாம் வகுப்புக்கும் ஒருமுறை திறந்து, வைட்டமின் மாத்திரை, ஜிங்க் மாத்திரை எல்லாம் கொடுத்து, மார்ச்சில் மறுபடி மூடியிருந்தோம். நடுவில் ஏப்ரல் 6 சட்டமன்றத் தேர்தலுக்கு வாக்குச்சாவடி. அதற்கு ஒட்டிய அம்புக்குறி சுவரில் அப்படியே இருந்தது. அப்புறம் இரண்டாம் அலை, யாரும் உள்ளே போகவில்லை.

தாளில் இல்லாத வேலைதான் முதலில் வந்தது. பிள்ளைகள் கழிப்பறையில் பாம்புச் சட்டை கிடந்தது. பி.டி. சார் கம்போடு உள்ளே போய்த் தட்டிப் பார்த்துவிட்டு, "ஆள் காலி பண்ணிட்டுப் போயிட்டார்" என்றார். குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. மொட்டைமாடி சின்டெக்ஸ் டேங்குக்கு மூடியைக் காணோம், அடியில் பச்சையாகப் பாசி. ஊராட்சி டேங்க் ஆபரேட்டர் அண்ணன் உள்ளே இறங்கித் தேய்த்துக் கழுவிக் கொடுத்தார். தண்ணீர் நிரப்பி, ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் என்ற கணக்கில் வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிந்த நீரை மட்டும் ஊற்றினோம். அரை மணி நேரமாவது விட்டுத்தான் குழாயைத் திறக்க வேண்டும். அப்படியே பவுடரைக் கொட்டினால் சுண்ணாம்பு போய்க் குழாயை அடைக்கும்.

எல்லாரும் கொரோனாவையே பேசிக்கொண்டிருக்க, எனக்கு டெங்குதான் அதிகப் பயம். வடகிழக்குப் பருவமழை வரப்போகிறது. பள்ளியில் உடைந்த பெஞ்சுக் குவியல், பி.டி. சாரின் பழைய டயர்கள், மரத்தடியில் கொட்டாங்குச்சி, கொடிக்கம்பத்துக்குப் பக்கத்துச் சிமென்ட் தொட்டி என்று எங்கே பார்த்தாலும் நல்ல தண்ணீர் தேங்கிக் கிடந்தது. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கிற வரைக்கும் ஏறக்குறைய ஒரு வாரம், பத்து நாள். தண்ணீரைக் கொட்டிவிட்டால் முடிந்தது என்று நினைப்பார்கள், முடியாது. முட்டை தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே தொட்டியின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது, அடுத்த மழைக்குத் தண்ணீர் ஏறினால் பொரிந்துவிடும். அதனால் தென்னை நார் வைத்துத் தேய்க்கச் சொன்னேன். கொஞ்சம் புழுவை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து, வாயில் துணி கட்டி, பத்தாம் வகுப்பு ஜன்னலில் வைத்தேன். தலைகீழாகத் தொங்கி மூச்சு விடுவதையும் பிறகு கூட்டுப்புழுவாகிக் கொசுவாவதையும் பிள்ளைகள் தினமும் பார்த்தார்கள். அதற்கப்புறம் வெள்ளிக்கிழமை தோறும் தண்ணீர் கொட்டும் வேலையை யாருக்கும் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கவில்லை. வீட்டில் பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கிற தட்டில் தண்ணீர் தேங்குவதை அம்மாவிடம் சொல்லித் திட்டு வாங்கினவனும் உண்டு.

பெஞ்சு, கைப்பிடி துடைக்க ஒரு சதவீதக் கரைசல் செய்யச் சொன்னார்கள். லிட்டருக்கு 30 கிராம் பிளீச்சிங் பவுடர். அதோடு நிற்காமல், ஊரில் ஒரு புண்ணியவான் விசைத்தெளிப்பானோடு வந்து மைதானம் முழுக்க மருந்தடித்துப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார். திறந்த வெளியில் அடிப்பதால் பயனில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மே மாதமே சொல்லிவிட்டது. சரி, ஆசையாக வந்தவரை எதற்கு வருத்தப்பட வைக்க வேண்டும் என்று விட்டுவிட்டோம்.

திறந்த அன்று காலையில் வாசலில் ஸ்கேனரோடு நின்றேன். பிள்ளைகள் பக்கத்து ஊர்களிலிருந்து வெயிலில் சைக்கிள் மிதித்து வருகிறவர்கள். நெற்றியில் வைத்தால் ஒருத்தனுக்கு ஏகத்துக்கு ஏறுகிறது, அடுத்தவன் வியர்த்திருப்பதால் பிணத்துக்குக் காட்டுவது போல இறங்குகிறது. இதற்குள் வாசலில் சைக்கிளோடு சைக்கிள் இடித்துக்கொண்டு கூட்டம். வகுப்பறையில் ஆறடி இடைவெளி, அதற்கு முன்னால் வாசலில் தோளோடு தோள்! இரண்டு மூன்று நாளில் அதை மாற்றினோம். எல்லாரும் நேராக வகுப்புக்குப் போய் உட்காருவது, வியர்வை அடங்கினதும் முதல் பாடவேளை ஆசிரியரே வந்து பார்ப்பது. என் கருத்து, எங்கள் பள்ளியில் மிகக் குறைந்த வேலை செய்த பொருள் அந்த ஸ்கேனர்தான். காய்ச்சலே இல்லாமல் தொற்றோடு வருகிறவனை அது என்ன செய்யும்?

அதிக வேலை செய்தவை ஜன்னல்கள். குரங்குத் தொல்லையால் இரண்டு வகுப்பறைகளில் ஒரு பக்கத்து ஜன்னல்களைப் பலகை வைத்து ஆணியடித்து வைத்திருந்தார்கள். காற்று வழியாகவும் பரவுகிறது என்று அதற்குள் தெளிவாகியிருந்ததால், பலகையைப் பிடுங்கிவிட்டுக் கம்பிவலை அடிக்கக் கேட்டேன். செலவுக்கு எந்தக் கணக்கில் எழுதுவது என்று கொஞ்ச நாள் இழுத்தது. கடைசியில் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி தன் தம்பியின் வெல்டிங் பட்டறையில் சொல்லி முடித்துக் கொடுத்தார். மழை இல்லாத நாட்களில் ஒன்பதாம் வகுப்பைப் புங்க மரத்தடிக்கே கொண்டுபோய்விட்டேன். முகக்கவசத்துக்குள் கத்திக் கத்தித் தொண்டை கட்டினவர்களுக்கு அது பெரிய நிம்மதி.

மதியச் சாப்பாட்டு நேரம்தான் கஷ்டம். அதுவரைக்கும் ஒழுங்காக இருந்த முகக்கவசம் எல்லாம் கழன்றுவிடும். ஒன்றரை வருடப் பேச்சு பாக்கியிருக்கிறது, வேறு. வட்டமாக உட்காருவதை நிறுத்தி, வராந்தாவில் ஒரே பக்கம் பார்த்து வரிசையாக உட்கார வைத்தோம். ஒன்பதாம் வகுப்பு சாப்பிட்டு எழுந்த பிறகு பத்தாம் வகுப்பு. தட்டு கழுவுகிற இடத்தில் இருந்த குழாய்கள் போதவில்லை. பி.டி. சாரும் ஊர் பிளம்பரும் சேர்ந்து நீளமான ஒரு பி.வி.சி. குழாயில் இடைவெளி விட்டு ஓட்டை போட்டு, ஒரே வால்வில் எல்லாருக்கும் தண்ணீர் வருகிற மாதிரி செய்தார்கள். சோப்புக் கட்டி வைத்தால் காக்கா தூக்கிக்கொண்டு போனது. இது விளையாட்டில்லை, ஒரே வாரத்தில் அத்தனையும் போனது. சோப்பைத் துண்டு போட்டு, வெங்காயப் பை வலையில் கட்டித் தொங்கவிட்டதும் நின்றது. ஊறுகாய் கை மாறுவதை மட்டும் எங்களால் தடுக்க முடியவில்லை.

இதெல்லாம் பணமும் ஆளும் இருந்தால் முடிகிற காரியம். முடியாமல் திணறியது வேறு இடத்தில்.

திறந்து கொஞ்ச நாளில் ஒரு பையன் கண் சிவந்து மேஜையில் தலை வைத்துப் படுத்திருந்தான். தொட்டால் கொதிக்கிறது. காலையில் ஒரு பாராசிட்டமால் போட்டு அனுப்பியிருக்கிறார்கள், மாத்திரை வேகம் இறங்கினதும் ஏறிவிட்டது. நூலக அறையைத் தனியறையாக ஒதுக்கியிருந்தோம், அங்கே படுக்க வைத்து அம்மாவுக்குப் போன் செய்தேன். "காய்ச்சல்னு சொன்னா மூக்குல குச்சி விடுவாங்க, அப்புறம் தெருவையே தட்டி வெச்சு அடைப்பாங்க டீச்சர். நான் களை எடுக்கப் போவ வேணாமா?" என்றார். அவர் பயத்துக்குக் காரணம் இருந்தது. முதல் அலையில் அந்தத் தெருவில் தகரம் அடித்ததை நானே பார்த்திருக்கிறேன். போகப் போக இன்னொன்றும் தெரிந்தது. காய்ச்சலிலும் சில பிள்ளைகள் வந்ததற்குக் காரணம் மதியம் கிடைக்கிற சோறும் முட்டையும்தான்.

அதனால் வீடு வீடாகப் போனோம். நானும், கிராம சுகாதார செவிலியரும், சில நாள் தலைமையாசிரியரும். வருகை கட்டாயமில்லை, பேரை அடிக்க மாட்டோம், முழு வருகைக்குப் பரிசு கிடையாது என்று திரும்பத் திரும்பச் சொன்னோம். அந்தப் பரிசுச் சான்றிதழ் எங்கள் பள்ளியில் வருடக்கணக்காக இருந்த வழக்கம். அதை நிறுத்தியதில் ஒரு மூத்த ஆசிரியருக்கு இன்றைக்கும் என்மேல் கோபம். சளி, இருமல், காய்ச்சல், வயிற்றுப்போக்கு, எதுவானாலும் வகுப்பாசிரியருக்கு ஒரு மிஸ்டுகால் கொடுத்தால் போதும், நாங்கள் திருப்பி அழைப்போம் என்றோம். ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி, வகுப்பு, தெரு, என்ன தொந்தரவு என்று எழுதத் தொடங்கினேன். ஒரே தெருவில் இரண்டு பேருக்கு மேல் காய்ச்சல் என்றால் செவிலியருக்குச் சொல்லிவிடுவேன். அவர் போய்ப் பார்த்ததில் ஒரு தடவை கொரோனாவே இல்லை, குடிநீர்க் குழாயில் சாக்கடை கலந்திருந்தது.

அக்டோபரில் பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்திக்குத் தொற்று உறுதியானது. மருத்துவக் குழு வந்து அவள் வகுப்புக்கு மாதிரி எடுத்தது, வகுப்பைச் சில நாள் மூடினோம். பெயரை யாருக்கும் சொல்லவில்லை, ஆனால் கிராமத்தில் எது மறையும்? டீக்கடையில் அந்தக் குடும்பத்தைப் பேசினார்கள். அவள் திரும்பி வருகிற அன்று பக்கத்தில் யார் உட்காருவார்கள் என்று எனக்கு ஒரே கவலை. அதற்கு முந்தின நாளே வகுப்பில் ஓர் அரை மணி நேரம் கிருமி எத்தனை நாள் பரவும், எப்போது பரவாது என்று பலகையில் போட்டு விளக்கினேன். மறுநாள் அவள் தோழி வழக்கமான இடத்தில் பையைப் போட்டு உட்கார்ந்தாள். "நோட்டு பூரா பாக்கி இருக்கு, எழுது" என்று ஒரு கட்டு நோட்டைத் தள்ளினாள்.

பணியாளர் பக்கம் அவ்வளவு சிக்கல் இல்லை. ஆசிரியர் தினத்துக்குள் ஆசிரியர்களுக்கு ஊசி போட்டு முடிக்க வேண்டும் என்று மத்திய அரசும் நெருக்கியதால் நாங்கள் எல்லாரும் போட்டுவிட்டோம். சத்துணவு சமையலர் அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு, அவர்தான் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தார். "பேசாம இருங்க டீச்சர், போட்டா ரெண்டு நாள் கை தூக்க முடியாதாம், சோறு யாரு வடிக்கிறது?" என்றார். சனிக்கிழமை முகாமுக்கு நானே கூட்டிப்போனேன். திங்கட்கிழமை அவர்தான் சோறு வடித்தார்.

நவம்பர் 1-இல் ஆறு, ஏழு, எட்டு வகுப்புகளும் வந்தபோதுதான் இந்த இரண்டு வருடம் பிள்ளைகளின் உடம்பை என்ன செய்திருக்கிறது என்று தெரிந்தது. ஆறாம் வகுப்புக்கு வந்தவர்கள் நான்காம் வகுப்பு முடிகிற சமயத்தில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள். முன்வரிசையிலிருந்தும் பலகை தெரியவில்லை என்று சிலர். செல்போன்தான் காரணம் என்று எல்லாரும் சொன்னார்கள்; முன்பே இருந்து யாரும் கவனிக்காததாகவும் இருக்கலாம். கண் பரிசோதனைக்கு எழுதிப் போட்டுக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தோம். வெளுத்த உதட்டோடு பெண் பிள்ளைகள். இரும்புச்சத்து மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு எங்கள் கண் முன்னால் விழுங்க வைத்தோம், வீட்டுக்குக் கொடுத்தால் ஜன்னல் வழியே போய்விடும். பதினொரு மணிக்கு மயங்கி விழுகிறவர்களைக் கேட்டால் காலையில் டீ மட்டும். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது தொடக்கப் பள்ளிகளுக்குத்தான், எங்கள் பிள்ளைகளுக்கு அது எட்டவில்லை. இடைவேளையில் கொஞ்சம் சுண்டல் கொடுக்க ஆசிரியர்கள் மாதம் ஆளுக்குக் கொஞ்சம் போட்டோம். அதைக் கடைசி வரை எல்லா மாதமும் கொடுக்க முடிந்தது என்று சொல்ல மாட்டேன்.

2022 ஜனவரியில் பதினைந்து வயது நிரம்பியவர்களுக்குப் பள்ளியிலேயே ஊசி போட்டார்கள். மூன்றாம் அலையில் மறுபடி மூடி, பிப்ரவரி 1-இல் திறந்தோம். அந்த முறை டேங்க் கழுவுவதிலிருந்து வெங்காய வலை கட்டுவது வரை பிள்ளைகளே ஓடி ஓடிச் செய்துவிட்டார்கள்.

அந்தக் காய்ச்சல் நோட்டு மட்டும் நிற்கவில்லை. 2022 நவம்பரில் ஊரெல்லாம் மெட்ராஸ் ஐ பரவியபோது காலை ஆறு மணிக்கே மிஸ்டுகால் வரத் தொடங்கியது. களை எடுக்கப் போக வேண்டும் என்று சொன்ன அதே அம்மா, "கண்ணு ஒட்டிக்கிச்சு டீச்சர், அனுப்பட்டுமா, வேணாமா?" என்று கேட்டார். சிவப்பு போகிற வரைக்கும் வேண்டாம் என்றேன். அவன் வகுப்பில் பாதிப் பேருக்கு எப்படியும் வந்தது, எனக்கும் வந்தது.