முதல் ஆட்டத்துக்கு முன் வேர் பிடிக்க வேண்டும்

வட இங்கிலாந்தில், லீக் ஒன் எனப்படும் மூன்றாம் அடுக்கில் ஆடிக்கொண்டிருந்த ஒரு கால்பந்து கிளப்பின் ஆடுகளப் பராமரிப்புக் குழுவில் நான் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன். ரசிகர்களுக்குப் புதிய சீசன் ஆகஸ்டில் தொடங்கும். எங்களுக்கோ பழைய சீசனின் கடைசி ஆட்டம் முடிந்து கோல் வலைகளைக் கழற்றும் நாளிலேயே அது தொடங்கிவிடும். இருபத்துநான்கு அணிகள் கொண்ட அந்த அடுக்கில் ஓர் அணிக்கு 46 லீக் ஆட்டங்கள். அவற்றில் 23 சொந்த மண்ணில். அத்தனை ஆட்டங்களையும் தாங்கப்போகிற தரையை உருவாக்க, ஏறத்தாழ மூன்று மாத இடைவெளிதான் கையில் இருக்கும்.

முதல் வேலை பழைய புல்லை அழிப்பது. சுழலும் கத்திகள் பொருத்திய கோரோ என்னும் இயந்திரம் டிராக்டருக்குப் பின்னால் நகர்ந்து, மேல்தளத்தைச் சுரண்டி எடுத்து, அருகே வரும் டிரெய்லரில் கொட்டும். தஞ்சை மாவட்டத்தில் நெல் விவசாயக் குடும்பத்தில் வளர்ந்தவன் நான். பச்சையாகவே இருந்த புல்லை அப்படிச் சுரண்டி அள்ளுவதை முதன்முறை பார்த்தபோது எனக்கு மனம் பொறுக்கவில்லை. தலைமைக் களப் பராமரிப்பாளர் என்னை மண்டியிட வைத்து, இரண்டு புற்களைப் பிடுங்கிக் காட்டினார். நாங்கள் விதைத்த ரைபுல்லின் வேர் விரல் நீளத்துக்கு மேல் இறங்கியிருந்தது. தானாக முளைத்துப் பரவிய களைப்புல்லுக்கு வேர் மேலோடு நின்றுவிட்டிருந்தது. கண்ணுக்கு இரண்டும் ஒரே பச்சைதான். ஆனால் பூட்ஸின் கட்டைகள் ஊன்றித் திரும்பும்போது களைப்புல் மண்ணோடு பெயர்ந்துகொண்டு போகும்; அந்த நொடியில் ஓர் ஆட்டக்காரரின் முழங்கால் பிசகக்கூடும்.

அதன் பிறகு மணல் பரப்பி, கெட்டித்த மண்ணைத் துளையிட்டுத் தளர்த்தி, விதைப்போம். நீளம் 105 மீட்டர், அகலம் 68 மீட்டர் என்றால் பரப்பு 7,140 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 35 கிராம் வீதம் ஏறக்குறைய 250 கிலோ விதை இறங்கும். மண் சூடாக இருந்தால் ஒரு வாரத்துக்குள் பச்சை தெரியும். அது தெரிந்ததும் கிளப்பில் எல்லோரும் வந்து பாராட்டிவிட்டுப் போவார்கள். எங்கள் கவலை அன்றுதான் தொடங்கும், ஏனென்றால் இலை ஒரு வாரத்தில் வந்துவிடும், வேருக்கோ பல வாரங்கள் வேண்டும். ஒரே வெட்டில் இலையின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது தொழிலின் பாலபாடம். அதனால் உயரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி 25 மில்லிமீட்டருக்குக் கொண்டுவருவோம். அதே வாரங்களில் பயிற்சி மைதானத்தில் உடற்தகுதிப் பயிற்சியாளர், விடுமுறை முடிந்து திரும்பிய ஆட்டக்காரர்கள் ஓடும் தூரத்தை ஜிபிஎஸ் உள்ளாடையில் அளந்து, நாளுக்கு நாள் சிறிது சிறிதாக ஏற்றிக்கொண்டிருப்பார். அவருக்கும் எங்களுக்கும் வேலை ஒன்றுதான் என்று நான் பலமுறை நினைத்ததுண்டு.

இத்தனை பாடு எதற்கு, செயற்கைத் தரை போட்டுவிட்டால் என்ன என்று வெளியிலிருந்து வருபவர்கள் கேட்பார்கள். இங்கிலாந்து அதையும் செய்து பார்த்த நாடுதான். 1981இல் லண்டனின் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் தொடங்கிவைக்க, லூட்டன், ஓல்டம், பிரஸ்டன் ஆகியவை பின்தொடர்ந்தன. பந்து தாறுமாறாக எழும்பியது, சறுக்கியவர்களின் தோல் உரிந்தது, 1994இல் பிரஸ்டனோடு அந்த அத்தியாயம் முடிந்தது. 2020இல் ஹாரோகேட் டவுன் கிளப் முதன்முறையாக லீக்குக்குள் நுழைந்தபோது, லீக் விதி செயற்கைத் தரையை அனுமதிக்காததால், தன் செயற்கைத் தரையைப் பெயர்த்துவிட்டுப் புல் இட வேண்டியிருந்தது. அந்தத் தரை தயாராகும் வரை டொன்காஸ்டரின் ஸ்டேடியத்தில் ஆடியது. அந்த விதி சரியானது என்றே நான் கருதுகிறேன்.

நான் அதிகம் கற்றுக்கொண்டது 2022ஆம் ஆண்டின் கோடையில். கத்தாரில் நவம்பரில் உலகக் கோப்பை நடக்கவிருந்ததால் லீக் வழக்கத்தைவிட முன்னதாக, ஜூலை 30 அன்றே தொடங்கியது. அதற்குப் பதினொரு நாள் முன்பு, ஜூலை 19 அன்று, லிங்கன்ஷயரின் கோனிங்ஸ்பியில் வெப்பம் 40.3 டிகிரியைத் தொட்டது; அந்த நாடு அதுவரை பதிவுசெய்திராத அளவு அது. ரைபுல் குளிர்நாட்டுப் புல். கூரைகளும் இருக்கை வரிசைகளும் சூழ்ந்த ஸ்டேடியத்துக்குள் காற்று அசையாமல் நின்றது. மாலைப் பொறுப்பு என்னிடம் இருந்த அந்த நாட்களில், பகலில் பாய்ச்சினால் நீர் ஆவியாகி வீணாகும் என்று எண்ணி, பொழுது சாயும் நேரத்தில் தெளிப்பான்களைத் திறந்துவிட்டேன். யாரையும் கேட்கவில்லை. வயலில் இரவெல்லாம் நீர் கட்டி நிற்பதைப் பார்த்தே வளர்ந்தவனுக்கு அதில் பிழையாக எதுவும் தோன்றவில்லை.

இரண்டு காலைகள் கழித்து வடக்குக் கோலுக்கு முன்னால் புல் நுனி முறுக்கிக் கருகிக் கிடந்தது. இலைகளில் சாம்பல் நிறப் புள்ளிகள், ஓரத்தில் பழுப்பு வளையம். சாம்பல் இலைப்புள்ளி நோய் என்றார் எங்கள் குழுத் தலைவர். சூடான இரவில் இலை விடிய விடிய நனைந்திருந்ததால் பூஞ்சை பற்றியிருக்கிறது என்று விளக்கியவர், மாலையில் நீர் விட்டது யார் என்று கேட்டார். நான்தான் என்றேன். அவர் திட்டவில்லை, தெளிப்பானின் நேரக் கருவி இருக்கும் இடத்துக்கு என்னை அழைத்துச் சென்று, விடியலுக்குச் சற்று முன் பாய்ச்சினால் வெயில் ஏறியதும் இலை உலர்ந்துவிடும் என்று பொறுமையாகச் சொன்னார். அந்தப் பொறுமை எனக்குக் கடுமையான சொல்லைவிட அதிகம் வலித்தது.

அன்றிரவு படத்தை அப்பாவுக்கு அனுப்பினேன். "இது குலைநோய் மாதிரியில்ல இருக்கு தம்பி, முதல்ல யூரியாவ நிறுத்தச் சொல்லு" என்றார். பிறகு தேடிப் படித்தபோது வியப்பில் உட்கார்ந்துவிட்டேன். நெல்லில் குலைநோயை உண்டாக்கும் அதே பூஞ்சை இனம்தான் இதுவும். ரைபுல்லைத் தாக்கும் வகை மட்டும் வேறு. தழைச்சத்து மிகுந்தால் நோய் வீரியம் கொள்வது இரண்டுக்கும் பொது. மறுநாள் காலை நான் அதைச் சொல்லத் தொடங்கும் முன்பே, தலைவர் உரக் கலவைப் பட்டியலில் தழைச்சத்தை அடித்துவிட்டிருந்தார். மருந்து தெளிக்கச் சான்றிதழ் வேண்டும் என்பதால் அதை அவரே தெளித்தார்.

கருகிய இடங்களை வெட்டியெடுத்து, கோலுக்குப் பின்னாலிருந்த ஓரப் புல்லைப் பத்தை பத்தையாகப் பெயர்த்துவந்து பதித்தோம். மெலிந்துபோன மற்றப் பகுதிக்கு, விதையைச் சாக்கில் கட்டி நீரில் ஊறவைத்து, முளை வெடித்ததும் மணலோடு கலந்து தூவினோம். சாக்கை அவிழ்த்தபோது எழுந்த ஈர வாசனை, எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் முளைகட்டிய விதைநெல்லின் வாசனையேதான். முப்பது ஆண்டுகளாக இப்படித்தான் செய்கிறேன், இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒரு கிழவர் என்றார் தலைவர்.

முதல் ஆட்டத்துக்கு நான்கு நாள் முன்பு, அணியை ஸ்டேடியத்திலேயே ஒருநாள் பழக்க வேண்டும் என்று மேலாளர் கேட்டு வந்தார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. புதிதாகச் சேர்ந்த ஐந்தாறு ஆட்டக்காரர்கள் அந்தத் தரையில் இன்னும் கால் வைத்ததே இல்லை. தலைவர் விவாதிக்கவில்லை. அவரை வடக்குக் கோலுக்கு அழைத்துப் போய், பதித்த புல்லை இரண்டு விரலால் இழுத்தார். அது வந்துவிட்டது. மேலாளர் சிறிது நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, பயிற்சியைப் பழைய இடத்துக்கே மாற்றினார்.

ஜூலை 30 அன்று வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு ஆடுகளம் ஒரே சீராகத் தெரிந்தது. வெளிர் பட்டையும் அடர் பட்டையும் மாறி மாறி நேர்கோட்டில் ஓடின. வெட்டும் இயந்திரத்தின் உருளை இலையைச் சாய்க்கும் திசைதான் அந்த நிறவேறுபாட்டுக்குக் காரணம். நான் பந்தைப் பார்க்கவில்லை. வடக்குக் கோலை ஒட்டிய ஆறு கெஜப் பெட்டியின் இடது மூலையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். இடைவேளையில் தோட்ட முள்கரண்டிகளோடு உள்ளே ஓடி, பெயர்ந்த இடங்களைத் தூக்கி அழுத்தி மூடினோம். அந்த மூலையில் இரண்டு பத்தைகள் நகர்ந்திருந்தன. யாரும் வழுக்கி விழவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு நால்வரும் வரிசையாக நடந்து, குழிகளை விதை கலந்த மணலால் நிரப்பினோம். எல்லோரும் கிளம்பியதும் தலைவர் சாவிக்கொத்தை என்னிடம் கொடுத்து, நீர்ப் பொறுப்பு இன்றும் உன்னுடையதுதான் என்றார். நேரக் கருவியைத் திறந்து, காலை நான்கு மணிக்கு வைத்துவிட்டு, சரியாக வைத்தேனா என்று இன்னொருமுறை பார்த்தேன்.