வானத்தில் வெடித்தால் ரிலே ரூமில் என்ன ஆகும்?

துணை மின் நிலைய ஊழியர்களுக்கு ரிலே, அதாவது லைனில் கோளாறு வந்தால் உணர்ந்து மின்சாரத்தைத் துண்டிக்கச் சொல்லும் கருவி, பற்றி வகுப்பெடுக்கும்போது, கடைசியில் கொஞ்ச நேரம் அணுகுண்டு மிக உயரத்தில் வெடித்தால் கிளம்பும், ஈ.எம்.பி. எனப்படும் மின்காந்தத் துடிப்பு பற்றியும் பேசுவது என் வழக்கம். முடித்ததும் யாராவது ஓர் இளம் ஏ.இ. (உதவிப் பொறியாளர்) கேட்பார்: “ஏவுகணையெல்லாம் டி.ஆர்.டி.ஓ. பாத்துக்குவாங்க சார். நம்ம கையில என்ன இருக்கு?” ஏவுகணைத் தடுப்பு ராணுவ ஆராய்ச்சி நிறுவனமான டி.ஆர்.டி.ஓ.வின் வேலைதான்; நியாயமான கேள்வி. மின்வாரியத்தில் மீட்டரையும் ரிலேயையும் சோதிக்கும் எம்.ஆர்.டி. பிரிவில் ரிலே சோதனையிலேயே பணிக்காலத்தின் பெரும்பகுதியைக் கழித்தவன் நான். இந்தப் பாதுகாப்பில் பாதிக்கு மேல் நம் கையில்தான் இருக்கிறது என்று உறுதியாக நம்புகிறேன்.

முதலில் ஏவுகணையையே எடுத்துக்கொள்வோம். 2006 நவம்பர் 27 அன்று ஒடிசா கடற்கரையையொட்டி நடந்த சோதனையில், எதிரி ஏவுகணையாகப் பாவித்து ஏவப்பட்ட பிருத்வியை ஏறக்குறைய 50 கி.மீ. உயரத்தில் நம் இடைமறிப்பு ஏவுகணை அடித்து வீழ்த்தியது. அடுத்த ஆண்டு டிசம்பர் 6-ல் சுமார் 15 கி.மீ. உயரத்தில் இன்னொன்று. 2024 ஜூலை 24-ல் நடந்த இரண்டாம் கட்டச் சோதனை 5,000 கி.மீ. பாயும் வகை ஏவுகணைகளை எதிர்கொள்வதற்கானது. இவற்றைச் சாதித்தவர்கள் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் ஒரு நகரத்தைக் குறிவைக்கும் ஏவுகணை கீழே இறங்கி வந்தாக வேண்டும். இறங்கும்போது அடிக்க நமக்கு ஒரு வாய்ப்பு கிடைக்கிறது. ஈ.எம்.பி.க்காக அனுப்பப்படும் அணுகுண்டுக்கு இறங்கும் வேலையே இல்லை. உயரத்தில் இருக்கும்போதே வெடித்துவிடும். 400 கி.மீ. உயரத்திலிருந்து தொடுவானம் சுமார் 2,200 கி.மீ. தூரத்தில் இருக்கிறது. நாக்பூருக்கு மேலே வெடித்தால் காஷ்மீரும் கன்னியாகுமரியும் இலங்கையும் ஒரே வட்டத்துக்குள் வந்துவிடும். வட்டம் முழுக்க ஒரே வலுவில் தாக்காது என்பது உண்மைதான். ஆனாலும் வட்டத்துக்குள்தான் இருக்கிறோம். இதைத் தடுக்க வேண்டுமென்றால் மேலேறும்போதோ விண்வெளியில் நடுவழியிலோ மறிக்க வேண்டும். கீழே இறங்குவதை மறிப்பதைவிட அது பல மடங்கு கடினம். அதனால், தடுப்பு தவறிப்போனால் தரையில் என்ன மிஞ்சும் என்ற கேள்வியை எங்களைப் போன்றவர்கள் கேட்டே ஆக வேண்டும்.

இதெல்லாம் வெறும் ஏட்டுக் கணக்கு அல்ல. 1962 ஜூலை 9 அன்று பசிபிக் கடலில் ஜான்ஸ்டன் தீவுக்கு மேலே 400 கி.மீ. உயரத்தில் அமெரிக்கா 1.4 மெகாடன் குண்டை வெடித்தது. ஸ்டார்ஃபிஷ் பிரைம் என்று அதற்குப் பெயர். ஏறக்குறைய 1,450 கி.மீ. தள்ளியிருந்த ஹொனலுலுவில் சுமார் 300 தெருவிளக்குகள் அணைந்தன. திருட்டு எச்சரிக்கை மணிகள் தாமாகவே அலறின. அதே ஆண்டு அக்டோபர் 22 அன்று சோவியத் யூனியன் கஜகஸ்தானுக்கு மேலே 290 கி.மீ. உயரத்தில் 300 கிலோடன் குண்டை வெடித்தது. எனக்கு ஹவாயைவிடக் கஜகஸ்தான்தான் பெரிய பாடம். அங்கே 570 கி.மீ. நீளத் தொலைபேசி லைன் ஒன்றை ஃபியூஸ், அதிக வோல்டேஜைத் தரைக்குத் திருப்பும் வாயுக்குழாய்ப் பாதுகாப்பு எல்லாம் வைத்துத் தயாராகவே வைத்திருந்தார்கள். அத்தனை ஃபியூஸும் போயின. மண்ணுக்குள் முக்கால் மீட்டருக்கும் கீழே புதைத்திருந்த, சுமார் 1,000 கி.மீ. நீள மின்கேபிளும் செயலிழந்தது. கரகண்டா மின்நிலையத்தில் தீப்பிடித்தது. கேபிளைப் புதைத்துவிட்டால் கவலையில்லை என்று சொல்பவர்களுக்கு நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

துடிப்பு மூன்று பகுதியாக வருகிறது. குண்டிலிருந்து கிளம்பும் காமா கதிர்கள் 20 முதல் 40 கி.மீ. உயரத்தில் காற்றின் எலெக்ட்ரான்களைத் தட்டிவிட, பூமியின் காந்தப்புலம் அவற்றை வளைக்க, அதிலிருந்து பிறக்கிறது முதல் பகுதி. இடியைச் சமாளிக்க நம் சாதனங்களைச் சோதிக்கும்போது கொடுக்கும் இம்பல்ஸ் என்ற செயற்கை மின்னதிர்ச்சி 1.2 மைக்ரோ செகண்டில் உச்சிக்கு ஏறும். இது அதைவிட ஏறக்குறைய 500 மடங்கு வேகமாக ஏறும். இரண்டாவது பகுதி இடியைப் போன்றது. இடியின் மின்சாரத்தைத் தரைக்குள் விடும் நம் அரெஸ்டர்கள் அதைத் தாங்கும், முதல் பகுதி அவற்றைக் கெடுக்காமல் விட்டிருந்தால். மூன்றாவது மெதுவானது, நிமிடக்கணக்கில் நீடிப்பது. பூமியின் காந்தப்புலம் அசைவதால் நீண்ட லைன்களில் டி.சி. போன்ற கரண்ட் ஓடி, தரையோடு இணைத்த நியூட்ரல் முனை வழியாக டிரான்ஸ்ஃபார்மருக்குள் புகுந்து, அதன் இரும்பு மையமான கோரைத் திணறடிக்கும். இந்த மூன்றாவது வேலையைச் சூரியனே செய்து காட்டியிருக்கிறது. 1989 மார்ச் 13 அன்று சூரியப் புயலில் கனடாவின் கியூபெக் மின்தொகுப்பு சுமார் 90 நொடிகளில் சரிந்தது. 60 லட்சம் பேர் ஒன்பது மணி நேரம்வரை இருட்டில் இருந்தார்கள்.

ரிலே ரூமுக்கு வருகிறேன். நான் வேலைக்குச் சேர்ந்தபோது ரிலே என்றால் கண்ணாடி முகப்புக்குள் அலுமினியத் தட்டு மெல்லச் சுழலும் கருவி. தூசி தட்டி, ஸ்பிரிங் பார்த்து, கரண்ட் இன்ஜெக்ட் செய்து எத்தனை நொடியில் டிரிப், அதாவது துண்டிப்புக் கட்டளை, கொடுக்கிறது என்று குறித்துக்கொள்வோம். இன்று வருவதெல்லாம் நியூமரிக்கல் ரிலே. பழைய ரிலேக்கள் பலவற்றின் வேலையை ஒரே பெட்டி செய்கிறது. ஃபால்ட் எத்தனை கிலோமீட்டரில் என்று சொல்லிவிடுகிறது. லைன் ரோந்து போகிறவர்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்பதை அருகிலிருந்து பார்த்தவன், பழையதுக்குத் திரும்பச் சொல்ல மாட்டேன். ஆனால் பழைய தட்டு எளிதில் அசராது. புதிய பெட்டிக்குள் இருப்பது சில வோல்ட்டில் இயங்கும் சில்லு. சாதனங்கள் நிற்கும் திறந்தவெளி யார்டிலிருந்து ரூமுக்கு நீளமாக ஓடிவரும் கன்ட்ரோல் கேபிள்கள்தான் அந்தச் சில்லுக்குத் துடிப்பைக் கொண்டுவந்து சேர்க்கும் ஆன்டெனா.

அதனால்தான் கேபிளைச் சுற்றியுள்ள உலோக உறையான ஷீல்டை எர்த் செய்வதில் நான் இவ்வளவு பிடிவாதம் பிடித்தேன். ஒரு புதிய துணை மின் நிலையத்தில் ஷீல்டையெல்லாம் வெட்டி, டேப் சுற்றிப் பேனலுக்குள் விட்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். இன்னொன்றில் எர்த் செய்திருந்தார்கள், ஆனால் முழம் நீள ஒயர் வைத்து. நானோ செகண்ட் துடிப்புக்கு அந்த முழ ஒயரே ஒரு தடைச்சுவர். கேபிள் பேனலுக்குள் நுழையும் இடமான கிளாண்டிலேயே சுற்றிலும் உலோகம் உலோகத்தைத் தொட வேண்டும். இதற்குப் பெரிய செலவில்லை. போருக்காக மட்டும் செய்வதும் இல்லை. லைனைப் பிரித்துவைக்கும் ஐசொலேட்டர் சுவிட்சைத் திறக்கும்போது தெறிக்கும் வேகமான சர்ஜ்களால் (திடீர் வோல்டேஜ் தாவல்களால்) ரிலே தவறாக டிரிப் கொடுப்பதையும் இதே வேலைதான் நிறுத்துகிறது.

அமெரிக்காவின் எலெக்ட்ரிக் பவர் ரிசர்ச் இன்ஸ்டிடியூட் 2019-ல் வெளியிட்ட ஆய்வு எனக்குத் தெளிவு தந்தது. பெரிய டிரான்ஸ்ஃபார்மர்கள் கூட்டம் கூட்டமாக எரிந்துபோகும் என்ற பேச்சை அது ஏற்கவில்லை. ரிலேக்கள் கெடுவதும், பரந்த பகுதியில் வோல்டேஜ் சரிந்து கிரிட் எனும் மின்தொகுப்பு விழுவதும் நடக்கக்கூடியவை என்றது. நாகரிகமே அழியும் என்று பயமுறுத்துபவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை, இதெல்லாம் கற்பனை என்பவர்களோடும் இல்லை. கிரிட் விழும், அதை எழுப்ப வேண்டும். எழுப்புவது எங்கள் தொழில்.

எப்படி எழுப்புவது என்பதில்தான் என் கவலை. 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியாவில் கிரிட் விழுந்தது. இரண்டாம் நாள் கிழக்கும் வடகிழக்கும் சேர்ந்து போயின. 60 கோடி மக்கள் வாழும் நிலப்பரப்பு. தென்மண்டலம் அன்று எச்.வி.டி.சி. எனப்படும் உயர் மின்னழுத்த டி.சி. இணைப்பு வழியாக மட்டும் இணைந்திருந்ததால் தப்பியது. உயிரோடு இருந்த மேற்கு மண்டலமும் பூடானின் நீர்மின்சாரமும் விழுந்தவர்களுக்குக் கை கொடுத்தன. 2013 டிசம்பர் 31-ல் ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கே.வி. லைன் மூலம் நாமும் ஒரே கிரிட்டில் சேர்ந்துவிட்டோம். அதனால் கிடைத்த நன்மைகள் ஏராளம். ஆனால் உயரத்தில் வெடிக்கும் ஒரு குண்டு எல்லா மண்டலங்களையும் ஒரே நொடியில் தொடும். கஜா புயலில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பங்கள் விழுந்தபோது பிற மாவட்டங்களிலிருந்தும் பக்கத்து மாநிலங்களிலிருந்தும் ஆட்கள் வந்து இறங்கினார்கள். இங்கே பக்கத்து மாநிலமும் நம்மைப் போலவே இருட்டில் நிற்கும்.

அப்போது தொடக்கம் மலையிலிருந்துதான் வர வேண்டும். குந்தா, காடம்பாறை போன்ற நீர்மின் நிலையங்களுக்குக் கண் திறக்க அதிக மின்சாரம் தேவையில்லை. சின்ன டீசல் ஜெனரேட்டரால் எண்ணெய் அழுத்தம் ஏற்றி கேட் திறந்தால் தண்ணீர் டர்பைனைச் சுற்றும். அனல் மின்நிலையம் அப்படியல்ல; பம்பு, ஃபேன், மில் எல்லாவற்றுக்கும் வெளியிலிருந்து மெகாவாட் கணக்கில் மின்சாரம் வந்தால்தான் பாய்லரைப் பற்றவைக்க முடியும். மலையில் எழுப்பிய மின்சாரத்தை அங்கே வரைக்கும் கொண்டுபோவதுதான் பிளாக் ஸ்டார்ட். மலையில் ஒரு மெஷின், கீழே ஒரு வெற்று லைன். லோடு இல்லாத நீண்ட லைனைச் சார்ஜ் செய்தால் அதன் கடைசி முனையில் வோல்டேஜ் ஏறிக்கொண்டே போகும். அவசரப்பட்டால் மெஷினே டிரிப் ஆகும். லோடைப் பெரிய துண்டாகக் கொடுத்தால் ஃப்ரீக்வென்சி விழும். ஊர்களுக்குப் பிரியும் லைனான ஃபீடர் ஒவ்வொன்றாக, ஒவ்வொரு சப்ஸ்டேஷனோடும் பேசி, டர்பைனின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் நிலைப்படும்வரை காத்திருந்து சேர்க்க வேண்டும். ஒத்திகையின்போது கன்ட்ரோல் ரூமில் ஓர் ஆபரேட்டர் போனைக் காதில் வைத்துக்கொண்டு, “இன்னும் ரெண்டு மெகாவாட் போதும் சார், மெஷின் மூச்சு விடட்டும்” என்று எதிர்முனைக்குச் சொன்னது நினைவிருக்கிறது. எந்த மேனுவலிலும் அந்தப் பொறுமையை எழுதிவைக்கவில்லை.

இந்த ஒத்திகைகளை மின்தொகுப்பு விதிகள் கட்டாயமாக்கியிருக்கின்றன, நடக்கவும் செய்கின்றன. ஆனால் எல்லா ஒத்திகையிலும் செல்போன் வேலை செய்கிறது, திரையில், லைனை இணைத்துத் துண்டிக்கும் ஒவ்வொரு பிரேக்கரின் நிலையும் தெரிகிறது, பக்கத்து கிரிட் உயிரோடு இருக்கிறது. ஃபைபருக்குள் ஓடும் ஒளியை ஈ.எம்.பி. ஒன்றும் செய்யாது, இரு முனையிலும் இருக்கும் எலெக்ட்ரானிக்ஸ் போய்விட்டால் ஃபைபர் இருந்து என்ன பயன்? அதனால் ஒத்திகையின் ஒரு பகுதியையாவது செல்போனும், நிலையங்களின் நிலையைத் தொலைவிலிருந்தே காட்டும் ஸ்காடா திரையும் இல்லாமல் நடத்துங்கள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். ரிலே செட்டிங்குகளைக் காகிதத்தில் அச்சிட்டு ஒவ்வொரு சப்ஸ்டேஷனிலும் வைக்க வேண்டும். முக்கிய ஃபீடர்களுக்கு ஒவ்வொரு உதிரி ரிலேயை, எதனுடனும் இணைக்காமல், இடுக்கு விடாமல் மூடும் இரும்புப் பெட்டியில் பூட்டிவைக்க வேண்டும். பிரேக்கர் ஸ்பிரிங்கைக் கைப்பிடியால் முறுக்கிச் சார்ஜ் செய்து யார்டிலேயே குளோஸ் கொடுக்கத் தெரிந்த போர்மேன்கள் ஒவ்வொருவராக ஓய்வுபெற்றுப் போகிறார்கள். அவர்கள் போவதற்குள் ஒவ்வொரு ஷிஃப்டிலும் இருவருக்காவது அதைக் கற்றுக்கொடுக்க வேண்டும். எங்கள் பகுதியில் அச்சிடும் வேலை தொடங்கிவிட்டது. இரும்புப் பெட்டிக்கு அனுமதி இன்னும் வரவில்லை. விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.