ஆயிரம் உறை ஒட்டிய பையன்கள், இருபதுக்கே திணறும் நான்

மூன்றாவது ஞாயிறு. இதுவரை ஒட்டியது பன்னிரண்டு இசைத்தட்டு உறை. அதில் தட்டு ஒழுங்காக உள்ளே போய் வெளியே வருவது ஏழுதான்.

பழைய சாமான் கடையில் உறையில்லாமல் வாங்கிய ஏழங்குல இசைத்தட்டுகள் இருபது வீட்டில் கிடக்கின்றன. அவற்றுக்கு நானே உறை செய்வதென்று இறங்கியதற்குக் காரணம் டீன் ஐடில்ஸ். வாஷிங்டனில் பதின்வயதுப் பையன்கள் நான்கு பேர் 1979-இல் தொடங்கிய பங்க் (வேகமும் முரட்டுத்தனமுமான ராக்) இசைக்குழு. 1980 நவம்பரில் கலைந்துவிட்டது. அதில் பேஸ் கிட்டார் வாசித்த இயன் மெக்கேயும் டிரம்ஸ் அடித்த ஜெஃப் நெல்சனும் அடுத்து ஆரம்பித்த மைனர் த்ரெட் என்ற குழுவைத்தான் எல்லோரும் கொண்டாடுகிறார்கள். டீன் ஐடில்ஸைக் கேட்டவர்கள் குறைவு.

கச்சேரிக் காசை யாரும் தொடாமல் ஒரு சுருட்டுப் பெட்டியில் போட்டு வந்திருக்கிறார்கள். கலையும்போது அதில் 600 டாலர் சொச்சம். ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். இவர்களோ, இல்லாமல் போன குழுவுக்கு ஒரு தட்டு போட்டார்கள்: 'மைனர் டிஸ்டர்பன்ஸ்', எட்டுப் பாட்டு, 1000 பிரதி. டிஸ்கார்ட் என்ற இசைத்தட்டுக் கம்பெனி பிறந்ததே இதற்காகத்தான். உறைக்கு, இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு தட்டின் உறையைப் பிரித்து விரித்து அளவெடுத்தார்கள். அச்சான தாளை வெட்டி, மடித்து, ஒட்டியதெல்லாம் கையால்.

நானும் அதே வழிதான். அப்பாவின் பழைய தமிழ்ப் பட இபி (சில பாட்டுகள் மட்டும் உள்ள சிறிய தட்டு) உறை ஒன்றை இட்லிப் பானை ஆவியில் காட்டினேன். ஓரம் நெகிழ்ந்து, கிழியாமல் பிரிந்தது. அப்பா திட்டுவார் என்று பார்த்தேன். எந்தப் படம் என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

தட்டு 17.5 செ.மீ. என்பதால் முதலில் 18 செ.மீ. போதும் என்று வெட்டினேன். ஐந்து உறை வீண். ஒட்டும் ஓரம் உள்ளே மடங்கி இடத்தைத் தின்றுவிடுகிறது. 18.5 வைத்தபிறகு சரியானது. மடிக்கும் கோட்டில் ஸ்பூனின் பின்பக்கத்தை அழுத்தி இழுத்துக்கொண்டால் அட்டை வெடிப்பதில்லை. பசை தாராளமானால் உள்ளே கசிந்து இரண்டு பக்கமும் சேர்ந்துவிடும். இப்போது பழைய ஏடிஎம் கார்டால் மெலிதாக இழுக்கிறேன்.

அவர்கள் அட்டைப்படத்தில் இயனின் தம்பி அலெக்கின் கைகள், குறுக்காக. புறங்கைகளில் கறுப்பு எக்ஸ். சான் பிரான்சிஸ்கோவில் மபுஹே கார்டன்ஸ் கிளப்பில் வாசிக்கப் போனபோது, குடிக்கும் வயது ஆகாதவர்கள் என்று தெரிய இப்படிக் குறி போட்டிருக்கிறார்கள். ஊர் திரும்பி '9:30' என்ற கிளப்பிலும் அதையே காட்டி, சின்னப் பையன்களை உள்ளே விடக் கேட்டார்கள். பிறகு குடிக்காதவர்களின் அடையாளமாகவே அது ஆகிப்போனது. நானும் மார்க்கரால் போட்டுப் படமெடுத்தேன். திங்கட்கிழமை ஆபீஸ் போகும்போதும் அழியவில்லை. நேர்த்திக்கடனா என்று ஒருவர் கேட்டார்.

முதல் உறைக்குப் பதினொரு நிமிடம். அந்த எட்டுப் பாட்டும் அதற்குள் முடிந்துவிடும். இப்போது ஆறு நிமிடம். இந்த வேகத்தில் ஆயிரம் என்றால் நூறு மணி நேரம். அதுவும் கலைந்துபோன குழுவுக்காக உட்கார்ந்து ஒட்டவேண்டும்.

பதின்மூன்றாவது காய்கிறது. மேலே அகராதியை ஏற்றி வைத்திருக்கிறேன்.