இருபது கொண்டை ஊசி வளைவும் பத்து வகுப்பும்: நூலக அறிவியல் படித்த கதை

நூலகப் பொறுப்பு என்னிடம் வந்தது ஒரு சாவிக்கொத்தாக. ஏற்காடு மலையில் ஒரு நடுநிலைப் பள்ளி. எங்களைப் போன்ற பள்ளிகளுக்குத் தனி நூலகர் கிடையாது. யாராவது ஓர் ஆசிரியர் பாடத்தோடு சேர்த்துப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். இரண்டு இரும்பு பீரோ, ஒரு மர அலமாரி, பாதியில் நின்றுபோன ஒரு பதிவேடு. "பூட்டியே வச்சிருங்க டீச்சர், காணாமப் போனா நம்ம கையிலருந்துதான் கட்டணும்" என்று மூத்த ஆசிரியர் ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். அவரைக் குறை சொல்ல முடியாது. தணிக்கைக்குப் பயந்து பூட்டிய பீரோக்கள் எத்தனையோ பள்ளிகளில் இருக்கின்றன.

அந்தப் பயத்தில்தான் நூலக அறிவியல் இளநிலைப் பட்டத்துக்குத் தொலைதூரக் கல்வியில் சேர்ந்தேன். ஏற்கெனவே ஒரு பட்டம் இருந்தால் ஓராண்டுப் படிப்பு. வேலையில் இருந்துகொண்டே இதைப் படிக்க நினைக்கிறவர்களுக்கு, நான் பட்டதைச் சொல்லிவைக்கிறேன்.

வீடு சேலம் அஸ்தம்பட்டியில். காலை பஸ்ஸில் மலை ஏறி, மாலை இறங்க வேண்டும். பஸ்ஸில் புத்தகத்தைத் திறந்தால் மூன்றாவது வளைவில் குமட்டும். ஆனால் இருபது கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் எண் பலகை! நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்க மெல்வில் டியூவி 1876இல் வெளியிட்ட தசமப் பகுப்பில் முதன்மை வகுப்பு பத்து. முதல் வளைவில் 000 பொது, இரண்டாவதில் 100 தத்துவம், அடுத்து 200 சமயம், 300 சமூக அறிவியல், 400 மொழி, 500 அறிவியல், 600 தொழில்நுட்பம், 700 கலை, 800 இலக்கியம். பத்தாவது வளைவில் 900 வரலாறும் புவியியலும். பதினொன்றிலிருந்து மறுபடி 000. ஒரு மாதத்தில் மனப்பாடம். இப்போதும் ஆறாவது வளைவு வந்தால் எனக்கு 500தான்.

எழுத்துத் தாள்கள் பெரிய சிரமம் இல்லை. என்னைக் கவிழ்த்தது, நூலின் பொருளுக்கேற்ற வகுப்பெண் போடும் பகுப்பாக்கச் செய்முறைத் தேர்வு. முதல் முறை தோற்றேன். காரணம் வெட்கக்கேடானது: வகுப்பெண்களை மனப்பாடம் செய்தேனே தவிர, டியூவியின் கனத்த தொகுதிகளைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்ததே இல்லை. தேர்வறையில் நான்கு தொகுதிகளை மேசையில் வைத்தார்கள். முதலாவதில் துணை அட்டவணைகள், இரண்டாவதில் 599 வரை, மூன்றாவதில் 600 முதல் 999 வரை, நான்காவதில் சொல்லைத் தேடினால் எண்ணைக் காட்டும் சார்புச் சொல்லடைவு. இது தெரியாமல் இரண்டாம் தொகுதியைப் பக்கம் பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தேன். மூன்றில் ஒரு பங்கு நேரம் போய்விட்டது. நேர்முக வகுப்பு நடக்கும் மையத்தில் இந்தத் தொகுதிகள் இருக்கும். இரண்டு சனிக்கிழமையாவது உட்கார்ந்து புரட்டிவிடுங்கள். வழிகாட்டி நூல் பத்து வாங்கினாலும் இதற்கு ஈடாகாது.

புரட்டும்போது எங்கள் மலைக்காரர்களுக்கு ஏற்ற பயிற்சி ஒன்று: சொல்லடைவில் காப்பியைத் தேடுங்கள். ஒரே சொல்லுக்கு எதிரே பல எண்கள் வரிசையாக நிற்கும். செடியாகப் பயிரிடுவது 633.73. கொட்டையை வறுத்துப் பொடியாக்கும் தொழில் 663.93. புத்தகம் எதைப் பற்றியது என்று கேட்டால் மட்டும் போதாது, எந்தத் துறையில் நின்று பேசுகிறது என்றும் கேட்க வேண்டும் என்பது அப்போதுதான் உறைக்கும். சொல்லடைவில் கண்ட எண்ணை அப்படியே விடைத்தாளில் எழுதாதீர்கள். இரண்டாம், மூன்றாம் தொகுதிக்குள் போய் அந்த எண்ணைச் சரிபார்த்த பிறகே எழுதுங்கள்.

இன்னொரு கண்ணி, பூஜ்யம். அகராதி என்றால் 03 சேர்க்க வேண்டும். வேதியியலின் 54உடன் 03 சேர்ந்தால் வேதியியல் அகராதி 540.3. அதே கணக்கில் இயற்பியல் அகராதிக்கு 530.3 என்று எழுதினால் மதிப்பெண் போயிற்று, 530.03 என்பதே சரி. இயற்பியலில் புள்ளிக்கு அடுத்த இடத்தைக் கோட்பாடு, அளவியல் போன்றவற்றுக்குக் கொடுத்துவிட்டதால் கூடுதலாக ஒரு பூஜ்யம் வேண்டியிருக்கிறது. இதை ஒரு முறை தப்பாகப் போட்டவர்கள் ஆயுளுக்கும் மறக்க மாட்டார்கள். நான் மறக்கவில்லை.

தலைப்பைக் கூறுகளாக உடைத்து எண் கோக்கும் இன்னொரு முறையான கோலன் பகுப்பைக் கண்டு எல்லோரும் மிரளுகிறார்கள். தலைப்பைத் தமிழில் உடைத்துப் பழகினால் மிரட்சி போய்விடும். 'சேர்வராயன் மலையில் 1990களில் காப்பிச் செடி நோய்கள்' என்று வைத்துக்கொள்ளுங்கள். வேளாண்மை முதன்மை வகுப்பு. காப்பி 'ஆளுமை' (மையப் பொருள்), நோய் 'ஆற்றல்' (அதற்கு நேர்வது), மலை 'இடம்', 1990கள் 'காலம்'. எண் போடுவது அதற்குப் பிறகு வரும் எழுத்தர் வேலை. இதை 1933இல் தந்த எஸ். ஆர். ரங்கநாதன் நம் சீர்காழிக்காரர். லண்டனில் ஒரு கடையில், துண்டுகளை மாற்றி மாற்றிப் பூட்டி வெவ்வேறு பொம்மை செய்யும் மெக்கானோ பெட்டியைப் பார்த்தபோதுதான் அவருக்கு இந்த யோசனை பிறந்தது. தேர்வில் அவரைப் பற்றிய கேள்விக்கு 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர், 1931இல் நூலக அறிவியலின் ஐந்து விதிகள், 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் என்று ஆண்டுகளை அடுக்குவது சரிதான். எனக்குப் பிடித்தது வேறொன்று. அவர் கணித ஆசிரியராக இருந்தவர். நூலகர் பதவிக்கு வந்த புதிதில், பேச்சுத் துணைக்கு ஆளில்லாத அந்த அமைதி பொறுக்காமல் பழைய வேலைக்கே திரும்பக் கேட்டவர். சாவிக்கொத்தோடு நின்ற எனக்கு அது பெரிய ஆறுதல்.

இரண்டாம் முறை தேறினேன். தேறிய சூட்டில் பள்ளியில் ஒரு தப்பு செய்தேன்.

ஆயிரத்து நூறு சொச்சம் புத்தகங்களையும் வெளியே எடுத்து, கிழிந்ததை ஒதுக்கி, சேர்க்கைப் பதிவேட்டில் வரிசை எண் கொடுத்தேன். தலைப்புப் பக்கத்தில் ஒரு முத்திரை, ரகசியப் பக்கத்தில் ஒரு முத்திரை. (எங்களுக்கு ரகசியப் பக்கம் 17. மேல் பக்கம் கிழிந்து போனாலும் புத்தகம் நம்முடையது என்று நிரூபிக்கலாம்.) இதுவரை சரி. அடுத்து, படித்ததையெல்லாம் காட்டிவிட வேண்டும் என்று முழு எண் எழுதி முதுகில் ஒட்டினேன். பாதிக்கு மேல் தமிழ்க் கதைப் புத்தகம், எல்லாவற்றிலும் 894.8113. ஒரே எண்ணில் அறுநூறு புத்தகம் நின்றால் பகுத்து என்ன பயன்? ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் வந்து, "டீச்சர், காட்டுமாடு புக்கு எங்க இருக்கு?" என்றான். தோட்டத்துப் பக்கம் முந்தின நாள் ஒன்றைப் பார்த்திருக்கிறான். நான் 599 என்றேன். அவன் என்னைப் பார்த்தான். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது ரங்கநாதனின் நான்காம் விதி. அதற்குப் பத்து மதிப்பெண் விடை எழுதியவள் நான்.

அந்த வாரமே சீட்டுகளை உரித்தோம். கதையல்லாத நூல்களுக்கு மூன்று இலக்கம் போதும். தட்டின் விளிம்பில் 'விலங்கு', 'செடி', 'நம்ம ஊர்' என்று பிள்ளைகள் கையெழுத்தில் அட்டை. கதைகளுக்கு எண்ணே இல்லை. வாசிப்பு இயக்கப் புத்தகங்களில் வரும் நுழை, நட, ஓடு, பற என்ற நான்கு நிலைகளையே பழைய கதைப் புத்தகங்களுக்கும் வைத்து, நிலைக்கொரு நிறத்தில் பொட்டு ஒட்டினோம். எட்டாம் வகுப்பில் 'நுழை' எடுக்கிறவன் கூச்சப்படுவான். அவனிடம், இதை ஒன்றாம் வகுப்புத் தம்பிக்கு வாசித்துக் காட்ட எடுத்துப் போ என்று கொடுத்துவிடுவேன். எந்தப் பட்டியலிலும் வராத இந்த வேலைக்குத்தான் நூலகராக இருப்பவர் ஆசிரியராகவும் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஊஞ்சல், தேன்சிட்டு என்ற சிறார் இதழ்கள் பீரோவுக்குள் போவதே இல்லை. கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம்.

மலையில் இன்னொரு எதிரி ஈரம். மழைக்காலத்தில் மூடுபனி ஜன்னல் வழியே உள்ளே வந்து உட்காரும், புத்தகத்தில் பூஞ்சை பிடிக்கும். அலமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளிப் போடுங்கள். புத்தகங்களை நெருக்கி அடுக்காதீர்கள். வெயில் அடித்தால் அரைமணி நேரம் கதவைத் திறந்து வையுங்கள். பூட்டிய பீரோவில்தான் பூஞ்சை வேகமாகப் பரவுகிறது என்பதைத் தலைமை ஆசிரியரிடம் காட்டித்தான் திறந்து வைக்க ஒப்புதல் வாங்கினேன்.

காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் சில பிள்ளைகள் வீட்டாரோடு தோட்டத்துக்குப் போய்விடுவார்கள், புத்தகமும் கூடவே போகும். அபராதம் போடுவதில்லை. சென்ற ஆண்டு இருப்பு சரிபார்த்தபோது 23 குறைந்தது. பள்ளி திறந்த வாரத்தில் 14 திரும்பி வந்தது. அதில் விலங்குப் புத்தகம் ஒன்றில், ரகசியப் பக்கத்து முத்திரைக்கு மேலேயே பழச்சாற்றுக் கறை. கொண்டுவந்தவளின் தங்கை இன்னும் முடிக்கவில்லையாம். மறுபடி அவள் பெயரிலேயே பதிந்து கொடுத்துவிட்டேன்.